வெளிச்சத்தைக் கடைசிப் பாடமாக்கியவர்கள்

புகைப்படம் கற்றுக்கொள்ள ஆசை என்று ஒருவர் வாய் திறந்ததும் அவரிடம் கேட்கப்படும் முதல் கேள்வி, "என்ன கேமரா வச்சிருக்கீங்க?" என்பதுதான். கடைக்காரர் கேட்கிறார், வகுப்பு எடுப்பவர் கேட்கிறார், நாலு வருடம் முன்னால் படம் எடுக்க ஆரம்பித்த நண்பர் கேட்கிறார். கேமரா இல்லை என்றால் முதலில் ஒரு நல்ல பாடி வாங்கச் சொல்வார்கள். இருக்கிறது என்றால் கூட வந்த கிட் லென்ஸைக் கழற்றி வைத்துவிட்டு 50 மி.மீ. பிரைம் லென்ஸ் வாங்கச் சொல்வார்கள். அதற்கப்புறம்தான் வகுப்பு. முதல் நாள் அப்பர்ச்சர், ஷட்டர், ஐஎஸ்ஓ மூன்றையும் ஒரு முக்கோணமாகப் பலகையில் வரைவார்கள். அடுத்த நாள், ஆட்டோவில் எடுப்பவன் புகைப்படக்காரனே இல்லை, மேனுவலுக்கு வா என்பார்கள். வெளிச்சம் என்ற பாடம் கடைசியில் வரும். அதுவும் 'லைட்டிங்' என்ற பெயரில், சாப்ட்பாக்ஸ், ஸ்ட்ரோப், ஸ்டாண்ட் இவற்றின் விலையோடு சேர்ந்து வரும்.

இந்த வரிசை தலைகீழானது. முதலில் கருவி, பிறகு கருவியின் திருகுகள், கடைசியில் வெளிச்சம் என்று சொல்லிக்கொடுப்பது வெறும் பாடத்திட்டக் கோளாறு என்று விட்டுவிட முடியாது. அது கற்றுக்கொள்ள வருபவரின் பணத்தையும் காலத்தையும் தின்கிறது. கையில் சாதாரண போன் மட்டுமே உள்ள எத்தனையோ பிள்ளைகளைத் தொடங்கும் முன்பே திருப்பி அனுப்புகிறது. ஐந்தாறு வருடம் படம் எடுத்த பிறகும் ஒரு முகத்தின் மேல் வெளிச்சம் எந்தப் பக்கத்திலிருந்து விழுகிறது என்று சொல்லத் தெரியாதவர்களை உருவாக்குகிறது. இதை மறுத்தாக வேண்டும்.

கருவியின் ஆட்கள் நம்புவது எண்களை. எனவே எண்களிலேயே பேசுவோம். வெளிச்சம் இரண்டு மடங்காவதை ஒரு 'ஸ்டாப்' என்கிறோம். எஃப் 4 லென்ஸை விட்டு எஃப் 2.8 லென்ஸுக்குப் போனால் கிடைப்பது ஒரே ஒரு ஸ்டாப். ஜூம் லென்ஸ்களில் அந்த ஒரு ஸ்டாப்புக்காக மக்கள் பல பத்தாயிரங்களைக் கூடுதலாகக் கொடுக்கிறார்கள். ஏபிஎஸ்-சி சென்சாரை விட்டு ஃபுல் ஃப்ரேமுக்குப் போனால் சென்சாரின் பரப்பு இரண்டேகால் மடங்குக்குச் சற்று மேல் கூடுகிறது. அதுவும் ஒரு ஸ்டாப்புக்குக் கொஞ்சம் கூடுதல், அவ்வளவுதான். இப்போது வேறொரு கணக்கு. பகல் நேரத்தில் ஒரு கூடத்தின் கடைசிச் சுவரோரம் உட்கார்ந்திருப்பவரை எழுந்து வந்து ஜன்னலோரம் உட்காரச் சொல்லுங்கள். நம் வீடுகளில் பெரும்பாலானவற்றில் அவர் முகத்தில் விழும் வெளிச்சம் எட்டு மடங்கோ அதற்கு மேலோ கூடும். அதாவது மூன்று ஸ்டாப். செலவு, ஒரு நாற்காலியை நகர்த்தும் செலவு.

"50 மி.மீ. எஃப் 1.8 லென்ஸும் கிட் லென்ஸைவிட மூன்று ஸ்டாப் தருமே, விலையும் குறைவுதானே" என்பார்கள். தரும், மறுக்கவில்லை. ஆனால் ஏபிஎஸ்-சி கேமராவில் அந்த லென்ஸை முழுக்கத் திறந்து ஒரு மீட்டர் தொலைவில் முகம் எடுத்தால் கூர்மையாக விழும் ஆழம் ஏறக்குறைய மூன்று சென்டிமீட்டர். கண் கூர்மையாக இருக்கும், காது கரைந்துவிடும். ஜன்னலோரம் கிடைத்த மூன்று ஸ்டாப்பில் முழு முகமும் கூர்மையாக இருக்கும், நிழலும் அழகாக விழும். ஒன்று வெளிச்சத்தை வைத்திருப்பது, மற்றது வெளிச்சம் இல்லாததை ஈடுகட்டுவது. பின்னணி ப்ளர் ஆவதையே நல்ல படத்தின் அடையாளமாக நாம் ஏற்றுக்கொண்டதற்குப் பின்னால் இந்தக் குழப்பம் இருக்கிறது.

நம் கண்ணே இந்த விஷயத்தில் நம்மை ஏமாற்றுகிறது என்பதையும் சொல்லவேண்டும். உச்சி வெயிலில் தரையில் விழும் வெளிச்சம் ஒரு லட்சம் லக்ஸ் அளவு. இரவில் ஒரு டியூப் லைட் எரியும் கூடத்தில் அது நூறு, நூற்றைம்பது. ஆயிரம் மடங்கு வித்தியாசம். கண்ணின் பாவையும் மூளையும் இதைச் சமன்செய்துவிடுவதால் இரண்டு இடமுமே நமக்கு 'வெளிச்சமாக' இருப்பதுபோலத் தோன்றுகிறது. இந்தச் சமன்செய்தலைத் தாண்டிப் பார்க்கக் கற்பதுதான் புகைப்படக்காரரின் முதல் பயிற்சி. அதற்குக் கேமரா தேவையே இல்லை. சொல்லப்போனால் கேமரா கையில் இருந்தால் அந்தப் பயிற்சி கெடும். கை திருகைத் தேடும், கண் திரையைத் தேடும்.

கருவி முதலில் என்பவர்களுக்கு நான் காட்ட விரும்பும் மனிதர் சுப்ரதோ மித்ரா. சத்யஜித் ராயின் 'பதேர் பாஞ்சாலி' (1955) படத்தை ஒளிப்பதிவு செய்தபோது அவர் இருபதுகளின் தொடக்கத்தில் இருந்த இளைஞர். அதற்கு முன் சினிமா கேமராவை இயக்கியதே இல்லை. ழான் ரென்வார் வங்காளத்தில் 'தி ரிவர்' எடுத்தபோது அந்தப் படப்பிடிப்புக்குப் போய் நின்று பார்த்தார். எந்த விளக்கு எங்கே நிற்கிறது, நடிகர் எங்கே நகர்கிறார் என்று நோட்டில் குறித்துக்கொண்டார். அவர் கற்ற வகுப்பு அதுதான். அடுத்த படம் 'அபராஜிதோ' (1956). கதையின் முதல் பகுதி காசியில் நடக்கிறது. காசி வீடுகளில் நடுவில் வானம் பார்த்த முற்றம் இருக்கும். மேலிருந்து இறங்கும் வெளிச்சத்துக்குத் திசையே இல்லாததுபோல் இருக்கும், நிழல் அழுத்தமாக விழாது. மழைக்காலத்தை நினைத்து அந்த வீட்டைக் கல்கத்தா ஸ்டுடியோவுக்குள் செட்டாகப் போடத் தீர்மானித்தார்கள். ஸ்டுடியோ விளக்குகளால் அந்த வெளிச்சம் வராது என்று மித்ரா வாதாடினார். ஏனென்றால் நேராக அடிக்கும் விளக்கு ஒவ்வொன்றும் தனித்தனி நிழலை உண்டாக்கும்.

செட் போட்டே ஆகவேண்டும் என்றானதும் அவர் செய்தது இது. செட்டின் மேலே, வானம் தெரிய வேண்டிய இடத்தில், ஒரு சட்டத்தில் வெள்ளைத் துணியை இழுத்துக் கட்டினார். விளக்குகளைக் கீழே வைத்து அந்தத் துணியை நோக்கித் திருப்பினார். துணியில் பட்டுத் திரும்பிய வெளிச்சம் முற்றத்தில் இறங்கியது. படம் பார்ப்பவர்கள் அது ஸ்டுடியோ என்று கண்டுபிடிக்க முடியாதபடி இருந்தது. இன்று உலகமெங்கும் 'பவுன்ஸ் லைட்' என்று சொல்லப்படும் முறையை முன்னோடியாகக் கையாண்டவர்களில் ஒருவராக அவரைச் சொல்கிறார்கள். அந்த யோசனை எந்த லென்ஸிலிருந்தும் வரவில்லை. ஒரு முற்றத்தில் நின்று, வெளிச்சம் எப்படி வருகிறது என்று பார்த்தவருக்கு வந்தது.

இதைச் சொன்னால், "அவர் மேதை, நாம் சாதாரணர்கள், நமக்கு முதலில் மேனுவல் மோடு" என்று பதில் வரும். சரி, மேனுவல் மோடையே எடுத்துக்கொள்வோம். அதைச் சுற்றிக் கட்டியிருக்கும் பெருமைதான் இந்தத் தலைகீழ்ப் பாடத்தின் அஸ்திவாரம்.

மேனுவலில் எடுக்கும் புதியவர் என்ன செய்கிறார் என்று பக்கத்தில் நின்று கவனியுங்கள். வ்யூஃபைண்டரின் அடியில் ஒரு சின்ன அளவுகோல் தெரியும். நடுவில் பூஜ்ஜியம். திருகைத் திருப்பித் திருப்பி அந்தக் கோட்டைப் பூஜ்ஜியத்துக்குக் கொண்டுவருகிறார், பிறகு அழுத்துகிறார். ஆட்டோவில் கேமராவும் அதே பூஜ்ஜியத்துக்குத்தான் வந்திருக்கும், ஒரு நொடியின் சிறு பகுதியில். இவர் அரை நிமிடம் எடுத்துக்கொண்டு அதே இடத்துக்கு வந்து சேர்ந்திருக்கிறார். அதற்குள் எதிரில் இருந்த குழந்தையின் சிரிப்பு போய்விட்டது. முடிவெடுத்தது மீட்டர். இவர் அதன் கையாள்.

அந்த மீட்டருக்கோ எதிரில் இருப்பது என்னவென்று தெரியாது. தன் முன்னால் இருப்பது எல்லாம் சேர்ந்து நடுத்தரச் சாம்பல் என்று வைத்துக்கொண்டு அது கணக்குப் போடுகிறது. விழும் வெளிச்சத்தில் 18 சதவீதத்தைத் திருப்பி அனுப்பும் ஒரு சாம்பல் அட்டையைத்தான் இதற்கு அளவாகப் பாடங்களில் காட்டுவார்கள். இன்றைய கேமராக்கள் முகத்தைக் கண்டுபிடித்துக் கொஞ்சம் திருத்திக்கொள்கின்றன, ஆனாலும் அடிக்கணக்கு மாறவில்லை. நம் கல்யாண மேடையை நினைத்துப் பாருங்கள். மாப்பிள்ளை வெள்ளைப் பட்டு வேட்டி சட்டையில் உட்கார்ந்திருக்கிறார். ஃப்ரேம் நிறைய அவரை மட்டும் எடுத்தால் மீட்டர் அந்த வெள்ளையைச் சாம்பலாக்கப் பார்க்கும், முகம் இருண்டுவிடும். பக்கத்தில் அரக்குப் பட்டில் பெண். அவரை மட்டும் நெருங்கி எடுத்தால் மீட்டர் அரக்கைச் சாம்பலாக்கப் பார்க்கும், நெற்றிச்சுட்டியும் ஜரிகையும் வெளுத்துப்போகும். இருவர் மீதும் விழுவது ஒரே வெளிச்சம். கோட்டைப் பூஜ்ஜியத்துக்குக் கொண்டுவரப் பழகியவருக்கு இரண்டு படமும் ஏன் இப்படி வந்தன என்று விளங்காது. விழும் வெளிச்சம் வேறு, திரும்பிவரும் வெளிச்சம் வேறு என்று முதல் நாளே கற்றவருக்கு ஆட்டோவில்கூட இது பிரச்சினை இல்லை. எக்ஸ்போஷர் காம்பென்சேஷன் பொத்தானை வெள்ளைக்குக் கூட்டுவார், கருமைக்குக் குறைப்பார்.

முக்கோணத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. மூன்று மூலையும் சமம் என்று அந்தப் படம் சொல்கிறது. சமம் இல்லை. அப்பர்ச்சரும் ஷட்டரும் உள்ளே வரும் வெளிச்சத்தின் அளவைத் தீர்மானிக்கின்றன. ஐஎஸ்ஓவைக் கூட்டினால் சென்சாரில் விழும் வெளிச்சம் இம்மியும் கூடாது. விழுந்ததைப் பெரிதாக்கிக் காட்டுவது மட்டுமே அதன் வேலை. படத்தில் தெரியும் புள்ளிப்புள்ளியான நாய்ஸுக்குப் பெரும்பாலும் காரணம் வெளிச்சக் குறைவு. பழியை ஐஎஸ்ஓ எண் சுமக்கிறது. இந்தத் தவறான பாடத்தால் நடப்பது என்ன? "ஐஎஸ்ஓ 400க்கு மேல் போகாதே" என்ற கட்டளையைப் பிடித்துக்கொண்டு, இருட்டறையில் ஷட்டர் வேகத்தைக் குறைத்து, ஆடிப்போன படங்களை எடுத்துத் தள்ளுகிறார்கள். முக்கோணத்தில் அடங்காத நான்காவது ஒன்று, அதாவது எதிரில் இருக்கும் வெளிச்சம், அந்தப் படத்தில் வரையப்படவே இல்லை. மூன்று மூலைகளும் அதற்குப் பதில் சொல்லத்தான் இருக்கின்றன.

இன்னொரு வாதம் கொஞ்சம் மரியாதையோடு வரும். "வெளிச்சத்தைப் பார்ப்பது கலைக்கண். அது வரம். சொல்லித்தர முடியாது. டெக்னிக்கைத்தான் சொல்லித்தர முடியும்." கேட்க நன்றாக இருக்கிறது, ஆனால் இது முழுத் தவறு. புகைப்படத்தில் எல்லாவற்றையும்விடச் சுலபமாகச் சொல்லித்தரக்கூடியது வெளிச்சம்தான். ஏனென்றால் அது இயற்பியல், எல்லா வீட்டிலும் ஒரே மாதிரி நடந்துகொள்ளும்.

ஒரு பகல் பொழுதில் வீட்டின் முன்வாசல் கதவைத் திறந்து வையுங்கள். நேர் வெயில் உள்ளே விழாத நேரமாக இருக்கட்டும். வீட்டுப் பெரியவர் ஒருவரை நிலைப்படிக்கு உட்பக்கம், ஒரு கை தூரத்தில், தெருவைப் பார்த்து நாற்காலியில் உட்காரச் சொல்லுங்கள். அறை விளக்கை அணைத்துவிடுங்கள். இப்போது அவர் கண்ணைப் பாருங்கள். கருவிழியில் வாசல் ஒரு வெள்ளைச் செவ்வகமாகத் தெரியும். முகம் முழுக்க ஒரே சீரான வெளிச்சம்; சுருக்கங்கள் மென்மையாக இருக்கும், பின்னால் கூடம் இருண்டிருக்கும். இனி நாற்காலியைப் பக்கவாட்டில் திருப்புங்கள். ஒரு கன்னம் வெளிச்சத்தில், மறுகன்னம் நிழலில். மூக்கின் எலும்பு எழுந்து நிற்கும். நெற்றிச் சுருக்கம் ஒவ்வொன்றும் தனித்தனியாகத் தெரியும். அதே மனிதர், அதே வாசல், ஆனால் முகத்தின் குணமே மாறியிருக்கும். வெளிச்சத்தின் திசை என்பது இதுதான். நிழல் பக்கத்தில் ஒரு வெள்ளை வேட்டியைப் பிடியுங்கள், அல்லது ஒரு தெர்மகோல் அட்டையை. இருண்ட கன்னம் மெல்ல எழுந்து வரும். வேட்டியைக் கிட்டே கொண்டுபோனால் கூடும், விலக்கினால் குறையும். சினிமா யூனிட்டில் தெர்மகோல் பிடித்து நிற்கும் உதவியாளர் நாள் முழுக்கச் செய்வது இந்த வேலைதான்.

அடுத்து நாற்காலியை வாசலிலிருந்து ஐந்தாறு அடி பின்னால் தள்ளுங்கள். வெளிச்சம் குறையும், எல்லோரும் எதிர்பார்ப்பதுதான். எதிர்பாராத இரண்டு விஷயம் நடக்கும். முகத்தில் நிழலின் விளிம்பு கொஞ்சம் அழுத்தமாகும், ஏனென்றால் அங்கிருந்து பார்க்கும்போது வாசல் சிறியதாகிவிட்டது. வெளிச்சத்தின் மூலம் எவ்வளவு சிறிதாகத் தெரிகிறதோ அவ்வளவு நிழல் வெட்டிவிட்டதுபோல் விழும். சூரியன் பதினான்கு லட்சம் கிலோமீட்டர் குறுக்களவு கொண்டது. ஆனால் பதினைந்து கோடி கிலோமீட்டர் தள்ளி இருப்பதால் வானத்தில் அரை டிகிரியாகத்தான் தெரிகிறது; அதனால்தான் வெயில் நிழல் அவ்வளவு கூர்மை. மேகம் மூடினால் வானம் முழுவதும் விளக்காகிவிடும், நிழல் காணாமல் போகும். இரண்டாவது மாற்றம், பின்னாலிருக்கும் கூடம் முன்பைவிடத் தெளிவாகத் தெரிய ஆரம்பிக்கும். வாசலுக்குப் பக்கத்தில் இருந்தபோது முகத்துக்கும் பின்சுவருக்கும் இருந்த வெளிச்ச வித்தியாசம் மிகப் பெரிது. தள்ளிப்போனதும் அது சுருங்கிவிட்டது.

திசை, மூலத்தின் அளவு, தூரம் மூன்றும் ஒரு வாசலில் முடிந்தன. சாயங்காலம் அறை விளக்கைப் போட்டுப் பார்த்தால் நிறமும் தெரிந்துவிடும். ஒரு கன்னத்தில் வானத்தின் நீலம், மறுகன்னத்தில் குண்டுபல்பின் மஞ்சள். ஒயிட் பேலன்ஸை எப்படித் திருகினாலும் இரண்டில் ஒன்று கெடும். ஒரு விளக்கை அணைப்பதுதான் வழி. இதில் எந்தப் பகுதிக்கு வரம் வேண்டும்? பத்து வயதுப் பிள்ளைக்கு ஒரு பிற்பகலில் புரியவைத்துவிடலாம்.

வெளிச்சத்தைப் பாடமாக நடத்தும் கொஞ்சப் பேரும் பெரும்பாலும் அதைப் புத்தகத்திலிருந்து அப்படியே எடுத்து நடத்துகிறார்கள். அது வேறு அட்சரேகையின் வெளிச்சம். "வடக்கு ஜன்னல் வெளிச்சம்தான் உருவப்படத்துக்குச் சிறந்தது, அங்கே நேர் வெயில் வராது" என்று படித்திருப்பீர்கள். ஐரோப்பாவுக்கு அது சரி. சென்னை 13 டிகிரி வடக்கில் இருக்கிறது. ஏப்ரல் கடைசி வாரத்திலிருந்து ஆகஸ்ட் மூன்றாம் வாரம் வரை இங்கே நண்பகல் சூரியன் தலைக்கு வடக்கே சாய்ந்திருக்கும். மே, ஜூன் மாதங்களில் காலையும் மாலையும் வடக்கு ஜன்னலில் வெயில் சாய்வாக உள்ளே வரும். அந்த மாதங்களில் சென்னையில் நேர் வெயில் இல்லாத ஜன்னல் தெற்கு ஜன்னல்தான். அதேபோல் 'கோல்டன் ஹவர்'. லண்டனில் சூரியன் அடிவானத்தோடு சாய்வாக ஏறும், அந்தப் பொன்னிற வெளிச்சம் ஒரு மணி நேரமும் அதற்கு மேலும் நிற்கும். நம் ஊரில் சூரியன் ஏறக்குறைய செங்குத்தாக ஏறுகிறது. முக்கால் மணி நேரம் கிடைத்தால் அதிகம். புத்தகத்தை நம்பி நிதானமாக ட்ரைபாடை விரிப்பவர் மெரினாவில் வெறும் வெள்ளை வெயிலைத்தான் எடுப்பார்.

அந்த வெள்ளை வெயிலுக்கும் நம்மிடம் பதில் இருக்கிறது, புத்தகத்தில் இல்லை. உச்சி வெயிலில் வெளியே நின்றால் கண்குழி இருளும், மூக்கின் அடியில் மீசைபோல் நிழல் விழும். ஓரடி நகர்ந்து திண்ணைக்கு வந்தால் தலைக்கு மேல் கூரை வெயிலை மறைக்கும், எதிரே வெயில் பட்ட தெருவும் சுண்ணாம்புச் சுவரும் மாபெரும் ரிஃப்ளெக்டராகி முகத்துக்கு வெளிச்சத்தை அனுப்பும். செட்டிநாட்டு வீட்டு வளவுக்குள் எந்நேரமும் இறங்கும் வெளிச்சம், மித்ரா துணி கட்டிக் கொண்டுவந்த அதே முற்ற வெளிச்சம். வெயிலுக்காகக் கட்டிய வீடுகள் அவை. மட்டக்களப்புக்குப் பக்கத்தில் பிறந்து, புனே திரைப்படக் கல்லூரியில் பயின்ற பாலு மகேந்திரா இருக்கும் வெளிச்சத்தை வைத்தே தென்னிந்திய சினிமாவின் முகத்தை மாற்றினார். 'மூன்றாம் பிறை' (1982) அவருக்கு ஒளிப்பதிவுக்கான தேசிய விருதைத் தந்தது. நம் மொழிப் படங்களிலேயே பாடநூல் கிடக்கிறது, எடுத்து நடத்தத்தான் ஆளில்லை.

எனக்கு இதில் எல்லாவற்றையும்விட முக்கியமாகப் படுவது நம் தோல். ஃபிலிம் காலத்தில் கோடாக் நிறுவனம் பிரிண்ட் நிறத்தைச் சரிபார்க்க லேப்களுக்கு அனுப்பிய அட்டைகளில் பல பத்தாண்டுகள் வெள்ளைத்தோல் பெண்ணின் படம்தான் இருந்தது. அந்த முகம் சரியாக வந்தால் எல்லாம் சரி என்பது கணக்கு. கரிய முகங்கள் அந்தக் கணக்கில் இல்லை. ஃபிலிம் போய்விட்டது. ஆனால் கரிய முகத்தை 'பிரைட்' ஆக்கித் தரவேண்டும் என்ற எண்ணம் நம் ஸ்டுடியோக்களிலும் கல்யாண ஆல்பங்களிலும் போனின் பியூட்டி மோடிலும் அப்படியே இருக்கிறது. மணப்பெண்ணின் நிறத்தை இரண்டு ஸ்டாப் ஏற்றி, மாவு பூசியதுபோல் ஆக்கித் தருகிறார்கள். அவளுடைய அம்மாவுக்கே மகளை அடையாளம் தெரியாது.

இதற்குக் காரணம் கெட்ட எண்ணம் என்பதைவிட வெளிச்சம் தெரியாமை என்பேன். வெளிர்தோலில் முகத்தின் மேடுபள்ளத்தைக் காட்டுவது பெரும்பாலும் நிழல். கரிய தோலில் அந்த வேலையைச் செய்வது பளபளப்பு. எண்ணெய்க்காப்பு சாத்திய கருங்கல் மூர்த்தியின் முகம் கருவறைக்குள் நமக்கு எப்படித் தெரிகிறது? பக்கவாட்டு விளக்கின் ஒளி கன்னத்திலும் மூக்கிலும் வழுக்கி ஓடுவதால் தெரிகிறது. அதன் எதிரே நேராக ஃபிளாஷ் அடித்தால் தட்டையான கறுப்புதான் மிஞ்சும். கரிய முகத்துக்கும் அதே நியாயம். அகலமான ஒரு வெளிச்சத்தை, ஜன்னலோ துணியோ எதுவானாலும், பக்கவாட்டில் வைத்தால் கன்னத்து எலும்பின் மேல் அது நீளமாகப் பிரதிபலிக்கும். முகம் செதுக்கியதுபோல் எழும். நிறத்தை ஒரு துளியும் ஏற்றவேண்டாம். கேமராவின் மேல் உட்கார்ந்திருக்கும் ஃபிளாஷ் இதற்கு நேர் எதிரானது. நேராக அடிக்கும், சின்னது. தூரம் இரண்டு மடங்கானால் வெளிச்சம் நான்கில் ஒன்றாகிவிடுவதால் முன்னால் நிற்பவரை வெளுத்து, நான்கு மீட்டர் பின்னால் நிற்கும் தாத்தாவை இருளில் தள்ளிவிடும். கரிய மக்களைப் படம் எடுக்கும் ஒரு நாட்டில் வெளிச்சத்தைக் கடைசிப் பாடமாக வைப்பது மக்களுக்குச் செய்யும் அநீதி. கடுமையான வார்த்தைதான், தெரிந்தே சொல்கிறேன்.

"இப்போது எல்லாம் போனே பார்த்துக்கொள்கிறது, மிச்சத்தை எடிட்டிங்கில் சரிசெய்துவிடலாம்" என்று ஒரு புதுக் கட்சியும் கிளம்பியிருக்கிறது. இவர்கள் என் வாதத்துக்குத்தான் வலுச் சேர்க்கிறார்கள். போன் ஒரு அழுத்தலில் பல ஃப்ரேம்களை எடுத்து ஒன்றாகக் கோத்து எக்ஸ்போஷரைச் சமன்செய்துவிடுகிறது. அப்படியானால் இயந்திரம் முதலில் எடுத்துக்கொண்ட வேலை எது? நாம் வாரக்கணக்கில் வகுப்பில் சொல்லித்தரும் அந்த முக்கோணம்தான். மனிதரிடம் மிஞ்சியிருப்பது எங்கே நிற்பது, எதிரில் இருப்பவரை எங்கே நிறுத்துவது, எப்போது அழுத்துவது என்பவை. எடிட்டிங்கில் இருண்ட இடத்தை ஏற்றலாம், நிறத்தை மாற்றலாம். இடமிருந்து விழுந்த நிழலை வலமிருந்து விழச் செய்ய முயன்றால் அது முகமூடிபோல் நிற்கும். அது ஏன் பொய்யாகத் தெரிகிறது என்று சொல்லவும் வெளிச்சம் தெரிந்திருக்க வேண்டும்.

கருவியே வேண்டாம் என்று நான் சொல்வதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். வேடந்தாங்கலில் தூரத்து மரத்தில் கூடு கட்டும் பறவையை எடுக்க நீண்ட லென்ஸ் வேண்டும், போன் உதவாது. இரவுக் கபடி ஆட்டத்துக்கு வேகமான ஃபோகஸும் அகன்ற அப்பர்ச்சரும் வேண்டும். மாறாத மேடை விளக்கில், ஸ்டுடியோ ஃபிளாஷில், மேனுவல் மோடுதான் நம்பகமானது. தேவை தெரிந்து வாங்கும்போது கருவி நல்ல வேலைக்காரன். ஆனால் அந்தத் தேவையை எது சொல்லும்? வெளிச்சத்தோடு பழகியவருக்குத்தான் இங்கே வெளிச்சம் போதாது, இன்னும் இரண்டு ஸ்டாப் வேண்டும், எனவே இந்த லென்ஸ் என்று கணக்குச் சொல்லத் தெரியும். மற்றவருக்குக் கடைக்காரர் சொல்வதே தேவை, தவணை கட்டுவதே மிச்சம்.

லென்ஸைப் பற்றிப் பரவியிருக்கும் ஒரு தவறான பாடத்தையும் இங்கே மறுத்துவிடுகிறேன். வைட் லென்ஸ் முகத்தைக் கோணலாக்கும், டெலி லென்ஸ் பின்னணியை இழுத்துக் கிட்டே கொண்டுவரும் என்கிறார்கள். செய்வது லென்ஸ் இல்லை, தூரம். கையை நீட்டி எடுக்கும் செல்ஃபியில் மூக்கு பெரிதாக இருப்பதற்குக் காரணம், மூக்கு காதைவிட விகிதத்தில் மிகவும் கிட்டே இருப்பது. அதே போனை யாரிடமாவது கொடுத்து எட்டடி தள்ளி நின்று எடுக்கச் சொல்லி, பிறகு வெட்டிப் பெரிதாக்கிப் பாருங்கள். மூக்கு தன் அளவுக்குத் திரும்பியிருக்கும். ஆன்றி கார்த்தியே-பிரஸ்ஸோன் தன் பெரும்பாலான படங்களை ஒரே ஒரு 50 மி.மீ. லென்ஸால் எடுத்தார். மற்ற லென்ஸ்கள் கிடைக்காமல் இல்லை. எங்கே நிற்பது என்பதைக் கால்கள் தீர்மானித்தன.

நம் மண்ணின் பழைய புகைப்படங்களும் இதற்குச் சாட்சி. 1858இல் கேப்டன் லின்னேயஸ் டிரைப் மதுரையையும் தஞ்சாவூரையும் மெழுகு ஏற்றிய காகித நெகட்டிவ்களில் எடுத்தார். மீட்டர் கிடையாது, இன்று நாம் சொல்லும் பொருளில் ஷட்டரும் கிடையாது. லென்ஸின் மூடியைத் திறந்து, காத்திருந்து, மூடவேண்டும். தஞ்சைப் பெரிய கோவிலின் அடித்தளத்தில் ஓடும் கல்வெட்டுகளை அடுத்தடுத்து எடுத்து, பிரிண்ட்களை ஒட்டி ஒரே நீளப் படமாக்கினார். கல்லில் வெட்டிய எழுத்து படத்தில் தெரியவேண்டுமென்றால் வெட்டின் விளிம்பில் நிழல் விழவேண்டும். வெளிச்சம் எங்கிருந்து வருகிறது என்று பார்க்காமல் மூடியைத் திறந்திருந்தால் வெறும் கல்தான் பதிந்திருக்கும்.

வகுப்பு எடுப்பவர்களுக்கு என் வேண்டுகோள் இது. முதல் வகுப்பில் முக்கோணம் வரையாதீர்கள். யாரிடம் என்ன கேமரா இருக்கிறது என்று கேட்காதீர்கள். எல்லோரையும் ஒரு வாசலுக்குக் கூட்டிப்போய், ஒருவரை உட்காரவைத்து, நிழல் எங்கே விழுகிறது என்று வாயால் சொல்லச் சொல்லுங்கள். போன் வைத்திருப்பவரும் ஃபுல் ஃப்ரேம் வைத்திருப்பவரும் அங்கே ஒரே இடத்திலிருந்து தொடங்குவார்கள். ஒரு மாதம் அப்படிப் போகட்டும். அதற்குப் பிறகு அப்பர்ச்சரைச் சொல்லிக்கொடுங்கள், ஷட்டரைச் சொல்லிக்கொடுங்கள். எதற்காக அவை என்று அவர்களே கேட்பார்கள். கற்க வந்திருப்பவர்களுக்கும் ஒன்று. கடைக்குப் போவதை அந்த ஒரு மாதம் தள்ளிப்போடுங்கள்.